முதலில் வந்தவர்கள்

சுங்கைப்பட்டாணி ரயிலடிக்குப் பின்னால் இருந்த கடைத்தெருவில், ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த அந்த வருஷம், வாடகை ஏறிக்கொண்டே போனது. வீடுகள் ஒன்றும் அப்படி விசேஷமில்லை. கீழே கடை, மேலே பலகை அடித்துப் பிரித்த அறைகள். மழை வந்தால் ஓட்டுக்குக் கீழே சட்டி வைக்க வேண்டும். மொத்த வரிசைக்கும் பின்பக்கம் ஒரே குழாய். ஆனால் தெருக்கோடியில் ஜப்பான்காரனின் சரக்குக் கிட்டங்கி இருந்தது. அங்கே ரப்பர்க்கட்டும் கரிமூட்டையும் தூக்குகிறவர்களுக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு சிவப்புத் துணி கொடுத்தார்கள். துணி கட்டியவனை சயாமில் ரயில்பாதை போடப் பிடித்துப் போவதில்லை. துணிக்குக் கிட்டங்கியில் வேலை வேண்டும். வேலைக்கு அந்தத் தெருவில் வீடு வேண்டும். அதனால் ஒழுகுகிற அறைக்கும் ஆள் அடித்துக்கொண்டு நின்றது.

குழந்தைவேலுவும் அவன் மனைவி நவமணியும் பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அந்தத் தெருவைத் தேடி வந்தார்கள். தோட்டத்தில் ஒரு காலை, பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்ற ஆம்பளைகளை அப்படியே லாரியில் ஏற்றிவிட்டார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், சம்பளம் உண்டு, அரிசி உண்டு என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்லிக்கொண்டே இருந்தார். லாரி நகர்ந்தபோது சட்டைகூடப் போடாமல் ஏறியவர்களும் அதில் இருந்தார்கள். குழந்தைவேலுவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். பெரட்டுக்குப் போகாமல் கூலி லயத்து வீட்டில் படுத்திருந்தான். காய்ச்சல் விடும்வரைகூட நவமணி காத்திருக்கவில்லை. போர்வையோடு அவனை எழுப்பி, ரப்பர்க்காட்டு வழியாகவே நடத்திக் கூட்டிவந்துவிட்டாள். நின்று ஓய்வெடுக்கலாம் என்று அவன் கேட்டபோதெல்லாம், "டவுனுக்குப் போயிப் படுத்துக்கலாம்" என்றாள்.

டவுனில் படுக்க இடமில்லை.

முதலில் கேட்டது சீனத் தவுக்கே முதலாளியின் மாடியில். அவர் கணக்குப் பலகையிலிருந்து தலையைத் தூக்காமலே "தடா பிலிக்" என்றார். அறை இல்லையாம். மேலே இரண்டு ஜன்னல் சாத்தியே கிடந்ததை நவமணி பார்த்தாள். தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் அவர் கொடுப்பார் என்று அடுத்த கடைக்காரன் சொன்னான். ஆற்றங்கரைக் கம்பத்துக் கிராமத்தில் ஒரு மலாய்க்கார அம்மா தின்ன ஊபிக்கிழங்கு கொடுத்தாள். மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அவள் புருஷன் வந்ததும் அதுவும் போயிற்று. புது ஆளை வைத்தால் கம்பத்துத் தலைவர் ஜப்பான்காரனுக்குச் சொல்ல வேண்டும், தங்களுக்கு அது ரொம்ப சூசா, தொந்தரவு என்று அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

நம்ம ஆள் என்று நம்பிப் போன இடங்கள் அதைவிட மோசம். ஒரு கிராணி வீட்டு அம்மா கதவைப் பாதி திறந்து, "எந்தத் தோட்டம்?" என்று கேட்டாள். சொன்னதும், "எங்க ஜனங்களுக்குத்தான் கொடுக்கிறது" என்று மூடிக்கொண்டாள். இன்னொரு வீட்டில், குழந்தைவேலு குடித்த தண்ணீர்க் குவளையை அவன் கண்முன்னாலேயே சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள்.

கடைசியில் பரஞ்சோதியிடம் வந்து நின்றார்கள். மளிகைக் கடை வைத்திருந்தவர். நாலு கடைவீடு அவருக்குச் சொந்தம். ஜப்பான்காரன் அந்தத் தெருவுக்குத் தலைவராக வைத்திருந்ததும் அவரைத்தான். யார் தெருவில் இருக்கிறார்கள், யார் புதிதாக வந்தார்கள் என்று சொல்வது அவர் பொறுப்பு.

"ஒரு ரூம் இருக்கு" என்றார். "ஆனா தோட்டத்து ஆளுங்களுக்குக் கட்டுப்படியாகாது."

"எவ்வளவுங்க மொதலாளி?" என்றாள் நவமணி.

அவர் சொன்னார். பாதி ஜப்பான் நோட்டாக, பாதி அரிசியாக. குழந்தைவேலு திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டான். நவமணி நகரவில்லை. காதில் இருந்த தோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இது முன்பணம். மத்தது மாசா மாசம் கொடுத்துடறோம். கிட்டங்கியில இவருக்கு வேலை மட்டும் சொல்லிவிடுங்க."

பரஞ்சோதி தோட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கொடுக்கலேன்னா அடுத்த நாளே காலி பண்ணணும். பிறகு அழுதுகிட்டு நிக்கக் கூடாது."

அறை, இரண்டு பாய் விரித்தால் நிரம்பிவிடும். ஒரே ஒரு ஜன்னல். கிட்டங்கிச் சம்பளம் நோட்டுக்குப் போதும், அரிசிக்குப் போதாது. அவர்கள் தின்றதே ஊபியும் கீரையும்தான், அரிசியை எங்கிருந்து கொடுப்பது? முதல் மாதம் முடியுமுன்பே, பங்குக்கு இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டால்தான் அறை நிலைக்கும் என்று நவமணிக்குத் தெரிந்துவிட்டது.

ராக்காயியைப் பார்த்தது குழாயடியில். பண்டார் பாருப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. அவளும் அவள் புருஷன் பசுபதியும் பாசார்ச் சந்தைக் கொட்டகையில் மீன்பெட்டிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டிருந்தார்கள். காவல்காரன் வந்தால் எழுந்து ஓட வேண்டும். ராக்காயி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். "எம்மேல மீன்நாத்தம் அடிக்குதா, சொல்லுங்க. எனக்குத் தெரிய மாட்டேங்குது."

நவமணி அன்றைக்கே அவளைக் கூட்டிவந்து பரஞ்சோதிமுன் நிறுத்தினாள். ஆள் கூடினால் வாடகையும் கொஞ்சம் கூடும் என்றார் அவர். அப்படியும் பங்கு போட்டால் இரண்டு பக்கமும் தாங்கும். பசுபதிக்கும் கிட்டங்கியில் வேலை கிடைத்தது. கையில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு வந்த அன்று, மாப்பிள்ளை மாதிரி அறைக்குள் ஒரு நடை நடந்து காட்டினான்.

நடுவே ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டு நாலுபேரும் குடித்தனம் நடத்தினார்கள். உறவுமுறை வைத்துக்கொள்ள அதிக நாளாகவில்லை. ராக்காயிக்குக் குழந்தைவேலு அண்ணன், நவமணி அண்ணி. பசுபதி மாப்பிள்ளை. அவன் ஓயாமல் பேசுகிறவன். மூட்டை தூக்கிவிட்டு வந்த அலுப்பிலும் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "மச்சான், தூங்கிட்டீங்களா?" என்பான். ஆமாம் என்றால், "அப்ப இதக் கேளுங்க" என்று தொடங்குவான்.

ஆனி மாதம் நவமணிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கிப்போட்டது. குழந்தைவேலு கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பசுபதி தன்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டையைப் பாசாரில் கொடுத்துக் கொய்னா மாத்திரை வாங்கிவந்தான். ராக்காயி அவளுக்குத் துணி மாற்றினாள், வாந்தி அள்ளினாள், வடிகஞ்சி எங்கோ கேட்டு வாங்கிவந்து ஊட்டினாள். எழுந்து உட்கார்ந்த நாளில் நவமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா" என்றாள்.

"செய்யாம? நீங்க போயிட்டா வாடகைப் பங்கு யாரு கொடுப்பா?" என்றாள் ராக்காயி. இருவரும் சிரித்தார்கள்.

ஆவணியில் ஒரு நாள், உச்சிப்பொழுது. ஆண்கள் வேலையில் இருந்தார்கள். ராக்காயி துணி அலசக் கீழே போயிருந்தாள். பரஞ்சோதி மாடிப்படி ஏறி வந்தார். வாடகைக்கு ஆளனுப்புவாரே தவிர அவர் மேலே வந்ததில்லை.

"உன் ரூம்ல ரெண்டு ஆம்பளைங்க" என்றார், கதவருகே நின்றபடி. "ரெண்டு ஆம்பள இருக்கிற ரூமுக்கு ஒருத்தனக் கொடுக்கணும்னு உத்தரவு வந்திருக்கு. சயாமுக்கு. சாயங்காலத்துக்குள்ள நான் பேரு சொல்லணும்."

நவமணிக்கு முதலில் விளங்கவில்லை. "கையில துணி கட்டியிருக்காங்களே, மொதலாளி."

"துணியக் கொடுத்தவன்தானே அவுத்துக்கிறான்."

"அவங்க வேலை முடிஞ்சு வரட்டும். அவங்களையே கேளுங்க."

"கேட்டா? ரெண்டுபேரும் ஓடிடுவாங்க. பிறகு என் கழுத்துதான் போவும். நான் வாயத் தொறக்கலேன்னா ரெண்டுபேரையும் ஏத்திடுவான். அதுக்குச் சம்மதமா?"

பரஞ்சோதிக்கு வயதுக்கு வந்த இரண்டு மகன்கள். பக்கத்து மாடியில்தான் இருந்தார்கள். அதில் பெரியவன் அந்த நேரம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது அவளுக்குக் கேட்டது. உங்க வீட்லயும் ரெண்டு பேர் இருக்காங்களே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அறை போகும் என்று பயந்தாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அறை நினைவுக்கு வந்தது.

"நிக்க நேரமில்ல. யாரு?" என்றார்.

கீழே குழாயடியில் ராக்காயி யாரோடோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"நாங்கதான் மொதல்ல வந்தோம்" என்றாள் நவமணி.

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

பெயர் எதையும் சொல்லவில்லை என்று அவள் பிறகு பலமுறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் வரை பொழுது இருந்தது. கிட்டங்கி கூப்பிடு தூரம். ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பசுபதி பின்பக்கமாகத் தப்பி எங்கேயாவது போயிருப்பான். அப்படி அவன் ஓடினால் அந்த இடத்துக்குக் குழந்தைவேலுவைப் பிடிப்பார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். அவள் பாயில் உட்கார்ந்திருந்தாள். ராக்காயி ஈரத் துணியோடு மேலே வந்தபோது எழுந்து, மறுமுனையைப் பிடித்துப் பிழியக் கைகொடுத்தாள்.

அன்றைக்குக் குழந்தைவேலு மட்டும் திரும்பினான். படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "மாப்பிள்ளைய ஏத்திட்டான். பேரு கூப்பிட்டான், ஏத்திட்டான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ராக்காயி அவனைத் தாண்டிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினாள். சரக்குப் பெட்டிகளை ஏற்கெனவே பூட்டிவிட்டிருந்தார்கள். எந்தப் பெட்டி என்று தெரியாமல் ஒவ்வொன்றாகக் கையால் தட்டி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லாப் பெட்டியிலிருந்தும் ஆட்கள் கத்தினார்கள். எது அவன் குரல் என்று அவளுக்குத் தெரியவில்லை. காவலாளி துப்பாக்கிக் கட்டையால் தோளில் இடித்துத் தள்ளினான்.

வாடகை நாள் வந்தது. ராக்காயி கிட்டங்கியில் சாக்கு தைக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஆண்கூலியில் பாதிகூட வராது. பங்கைக் குறைத்துக் கேட்கப் பரஞ்சோதியிடம் போனாள்.

"எம் புருஷனக் கொடுத்தவரு நீங்கதானே. கொஞ்சம் இரக்கம் காட்டக்கூடாதா?"

பரஞ்சோதிக்குக் கோபம் வந்தது. நிறுத்துக்கொண்டிருந்த கடலையைத் தராசில் அப்படியே விட்டுவிட்டார். "நான் யாரையும் கொடுக்கல. ரெண்டுல ஒண்ணுன்னு உத்தரவு. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். உன் ரூம்ல இருக்கிறவளப் போயிக் கேளு. நாங்கதான் மொதல்ல வந்தோம்னு அவதான் சொன்னா. நியாயம்தானேன்னு விட்டுட்டேன்."

ராக்காயி மாடிக்கு வந்தபோது நவமணி ஊபி வேகவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பங்குக்கும் சேர்த்து ஒரே சட்டிதான் வைப்பார்கள். ராக்காயி நின்று அவளைப் பார்த்தாள்.

"நீங்கதான் மொதல்ல வந்தீங்க, இல்ல?" என்றாள்.

நவமணியின் கை கரண்டியோடு நின்றது. ராக்காயி அடியும் திட்டும் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. தன் பங்குக் கிழங்கைச் சட்டியிலிருந்து வெறும் கையால் எடுத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போனாள். மறுநாள் எங்கிருந்தோ மூன்று கல் கொண்டுவந்து தனி அடுப்பு வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் நவமணியோடு பேசவில்லை. போகவும் இடமில்லை. அந்தத் தெருவை விட்டால் சாக்கு வேலை போய்விடும். வேலை போனால் பாசார்க் கொட்டகைதான், அதுவும் இந்த முறை புருஷன் இல்லாமல். அதனால் அங்கேயே இருந்தாள். மாதம் தவறாமல் பாதி வாடகை கொடுத்தாள். இரண்டு பெண்களும் ஒருத்தி உடம்பு ஒருத்திமேல் படாமல் வளைந்து நெளிந்து அந்த அறைக்குள் நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

குழந்தைவேலுவுக்கு ஒன்றும் தெரியாது. துக்கத்தில் அப்படி இருக்கிறாள் என்று நினைத்தான். கீரை கிடைத்தால் அவளுக்கு ஒரு கட்டு வைப்பான். ரயிலில் ஆள் வந்தால் ஓடிப்போய் விசாரிப்பான். "மாப்பிள்ள வந்துடுவாரு, தங்கச்சி" என்பான். "சரிண்ணே" என்பாள். அவனிடம் மட்டும் பேசினாள். ஒவ்வொரு முறை அவள் வாயைத் திறக்கும்போதும் திரைக்கு இந்தப் பக்கம் நவமணி கை வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். இப்போது சொல்லிவிடுவாள், இதோ சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள். ராக்காயி சொல்லவில்லை.

ஐப்பசியில், இந்த ஊர் இருக்கும் கெடா மாநிலத்தையே ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டான். டவுனில் சயாம் கொடி ஏறியது. புருஷன்களைக் கொண்டுபோன ஊர் இங்கேயே வந்துவிட்டது, அவர்கள் மட்டும் வரவில்லை என்று குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். வாடகை இன்னும் ஏறியது. துணி கிடைக்காமல் சாக்கைத் தைத்து உடுத்தினார்கள். அப்படியே இரண்டு வருஷம் ஓடிற்று.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் வந்தான். ஊர்வலத்தில் மாலையோடு முதல் வரிசையில் பரஞ்சோதி நின்றார். சயாமிலிருந்து ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். காலில் புண், வயிறு ஒட்டி, சொந்தக்காரர்களே அடையாளம் காண முடியாத உருவங்கள். அவர்களில் ஒருவன் பசுபதியோடு ஒரே கொட்டகையில் இருந்தவன். முதல் மழையிலேயே வாந்திபேதி கண்டு போய்விட்டான் என்றும், நிறையப் பேரை ஒன்றாகப் போட்டு எரித்தார்கள் என்றும் அவன் குழந்தைவேலுவிடம் சொன்னான்.

குழந்தைவேலு அறைக்கு வந்து, சொல்ல முடியாமல், தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ராக்காயிக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள். நவமணி தன்னை அறியாமல் ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டாள்.

"தொடாத."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் ராக்காயி பேசிய முதல் வார்த்தை. குழந்தைவேலு அழுகையை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தான். "ஏன் தங்கச்சி? என்ன?"

ராக்காயி நவமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீயே சொல்லு என்பது போல் இருந்தது அந்தப் பார்வை. நவமணி பின்வாங்கித் திரைச் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றாள் ராக்காயி.

சில வாரத்தில் பழைய தோட்டத்திலிருந்து லாரி வந்தது. ரப்பர்ப் பால்வெட்டு தொடங்கிவிட்டது, போனவர்கள் திரும்பி வரலாம் என்றார்கள். குழந்தைவேலு ராக்காயியையும் கூப்பிட்டான். "லயத்துல வீடு சும்மாக் கொடுக்கிறாங்க. வாடகை கெடையாது. எங்களோட வந்துடு."

"நீங்க போங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

லயத்தில் அவர்களுக்குத் தனி வீடு கிடைத்தது. பெரிய அறை, பின்னால் சமையல்கட்டு, கோழி வளர்க்க இடம். குழந்தைவேலு தினமும் வேலையிலிருந்து வந்து சுற்றிப் பார்ப்பான். "இவ்வளவு எடம் கெடக்கு. ராக்காயி வந்திருக்கலாம்" என்பான். அதை அவன் எத்தனையாவது தடவையோ சொன்னபோது நவமணி சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, "அவ எப்படி வருவா?" என்று கத்தினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பரஞ்சோதி மாடிக்கு வந்தது, தான் சொன்னது, சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருந்தது.

குழந்தைவேலு பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். கீழே வைத்தான்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். அந்த மாசமே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா என்னை அண்ணேன்னு கூப்பிட்டா?"

நவமணி அடுப்பில் எரிந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் டவுனுக்குப் போனான். ராக்காயியின் காலில் விழுவது என்றுதான் போனான். அறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். பரஞ்சோதி கடையில் முன்பு போலவே உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொண்ணா? காலி பண்ணிட்டேன். இப்ப வெள்ளைக்காரன் காசுலதான் வாடகை. அவகிட்ட இருந்ததெல்லாம் ஜப்பான் நோட்டு. ஒத்தப் பொம்பளைக்கு எதுக்கு ஒரு பங்கு எடம்?"

"எங்க போனா?"

"திகாம் பத்துப் பக்கம் நடந்து போனத யாரோ பாத்தாங்களாம். எனக்கென்னப்பா தெரியும்?"

குழந்தைவேலு திகாம் பத்து வரை போய்க் கடைகடையாகக் கேட்டான். பொழுது சாயும் நேரத்தில் லயத்துக்குத் திரும்பினான். நவமணி சோறு போட்டாள். அவன் சோற்றைப் பிசைந்தான்.

"அவ இல்ல" என்றான் பிறகு. "அந்த ரூம்ல இப்ப மூணு குடும்பம் இருக்கு."

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினான். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் குரூண், பண்டார் பாரு என்று தேடிப் போய்க்கொண்டிருந்தான். எங்கே போகிறீர்கள் என்று நவமணி கேட்பதில்லை. சில மாதங்கள் கழித்து அவன் போவதையும் நிறுத்திவிட்டான். ராக்காயி கிடைக்கவில்லை.